உடற்சோதனையை மறுத்தால்

விமான நிலையத்தில் உலோகங்காட்டும் வாயிலைக் கடந்த பின்னரும் காவலர் நம்மைத் தொட்டுச் சோதிப்பது பலருக்குக் கூச்சம் தருவதை அறிவோம். மறுத்தால் விமானம் ஏற இயலாது. மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினருடன் வாதிட்டுப் பயனில்லை. சோதிக்கும் காவலருக்கு விதியைத் தளர்த்தும் அதிகாரம் கிடையாது.

முன்னரே ஒப்படைத்த பெட்டியையும் தேடியெடுத்து இறக்கிய பிறகே விமானம் புறப்படும். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் 329 பேரைப் பலிகொண்ட குண்டு, உரியவர் ஏறாமலே ஏற்றப்பட்ட பெட்டியில்தான் இருந்தது. ஆகவே ஒருவரின் மறுப்பால் விமானம் முழுதும் காத்திருக்க நேரலாம். பயணச்சீட்டின் அடிப்படைக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது; வரிகளையும் பயனர் மேம்பாட்டுக் கட்டணத்தையும் விமான நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம். (பலர் கேட்பதேயில்லை!)

ஆனால் மறுப்பது வேறு, மறைவிடம் கேட்பது வேறு. பெண்களைப் பெண் காவலரே திரையிட்ட தடுப்புக்குள் சோதிப்பர். இதயமுடுக்கி பொருத்தியவர்களும் செயற்கைக் கால் அணிந்தவர்களும் அதை முதலிலேயே தெரிவித்து, தனியிடத்தில் சோதிக்குமாறு கோரலாம். அதற்குச் சற்று நேரமாகும். அரைமணி முன்னதாகவே நிலையத்தை அடைந்துவிடுவது நலம்.