உங்களுக்குத் தெரியுமா? மூட்டுவலியும் ரத்தப் பரிசோதனையும்

கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸிலும் கரிசல்காட்டுப் பருத்தியிலும் உழைக்கும் பெண்களுக்கு விரல்வலி புதிதல்ல. ஆனால் காலையில் எழுந்ததும் இரு கை விரல் கணுக்களும் வீங்கி, ஒரு மணி நேரமாகியும் கை மடங்கவில்லையா? வேலை அலுப்பென்று விடாதீர்கள்; முடக்குவாதமாக இருக்கலாம். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. பரிசோதனைகள் இதற்குத்தான். முடக்குவாதக்காரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் ‘நெகட்டிவ்’ என்றே வரும். காசநோயிலும் முதுமையிலும் முடக்குவாதம் இல்லாமலே ‘பாசிட்டிவ்’ காட்டலாம். மூட்டுவலி தரும் இன்னொரு நோயான லூபஸுக்குப் பார்க்கும் ஏ.என்.ஏ. பரிசோதனையும் 1:40 அளவில் ஆரோக்கியமானவர்களில் நான்கில் ஒருவருக்குப் பாசிட்டிவ் ஆகலாம். சீட்டைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். சிக்குன்குனியா வந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதனால் வரும் மூட்டுவீக்கமும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். இந்தப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிட்டுவிட்டே பஸ் ஏறலாம்.