வருது... வருது... விர்லாக் வருது!

"மாமா, உங்க ஃபோனைக் கொஞ்சம் குடுங்க."

இப்படி ஆரம்பிக்கிற எந்த விஷயமும் நல்லபடியாக முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. இருந்தாலும் கொடுத்தேன். இரண்டு நிமிஷம் எதையோ தட்டினான். திருப்பிக் கொடுத்தான்.

"அவ்ளோதான் மாமா. நீங்களும் ஒருத்தர் ஆயிட்டீங்க."

"எதுலடா?"

"இண்டஸ்ல!"

2023 ஜனவரி. சிங்கவரத்தில் அக்கா வீட்டுத் திண்ணை. செஞ்சியிலிருந்து நாலைந்து கிலோமீட்டர். நான் செஞ்சியில் ஒரு ஆபீஸில் ஃபைல் நகர்த்துகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அக்கா கைக்குழம்புக்காக அங்கே போய்விடுவேன். அக்கா பையன் அப்போது டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தான். படிப்பு பகலில். மற்ற நேரமெல்லாம் யுத்தம்.

என் ஃபோனை முடித்தவன் அடுத்து அக்கா ஃபோனை எடுத்தான். அப்புறம் என் மனைவியின் ஃபோன். இண்டஸ் பேட்டில் ராயல் என்று ஒரு வீடியோ கேம் வரப்போகிறது, அதற்கு முன்பதிவு செய்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. கூகுள் கணக்கு ஒன்றுக்கு ஒரு பதிவு. காசு கிடையாது. பின்னாளில் இந்த விளையாட்டுக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் முன்பதிவு செய்தார்கள் என்று செய்தி வந்தபோது நான் பிரமித்துப் போகவில்லை. அந்த ஒரு கோடியில் மூன்று பேரை எனக்கு நேரடியாகத் தெரியும். அதில் ஒருத்தி, சனிக்கிழமை தவறாமல் மலையேறி ரங்கநாதரைச் சேவிக்கிற என் அக்கா.

"என்னாடா அது, ரம்மியா?" என்றாள் அக்கா. அவளுக்கு ஃபோனில் ஆடுகிற எல்லாமே ரம்மிதான்.

"ஐயோ அம்மா! இது துப்பாக்கிச் சண்டை!"

அக்காவுக்கு அப்பாடா என்று இருந்தது. துப்பாக்கிச் சண்டை என்றால் பரவாயில்லை, காசு போகாது.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டில் ராயல் என்றால் ஏராளமான பேரை ஒரு தீவில் இறக்கிவிடுவார்கள். கையில் ஒன்றும் இருக்காது. வீடு வீடாகப் புகுந்து ஆயுதம் பொறுக்கிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் தீர்த்துக்கட்ட வேண்டும். தீவைச் சுற்றி ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே நின்றால் சாவு. கடைசியில் மிஞ்சுகிறவன் ராஜா. செஞ்சிக்காரனுக்கு இது புதிதே அல்ல. 1690-லிருந்து 1698 வரை மொகலாயப் படை எங்கள் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. வட்டம் சுருங்க எட்டு வருஷம். உள்ளே இருந்த மராட்டிய ராஜா ராஜாராம், கோட்டை விழுவதற்குள் நைஸாக நழுவிவிட்டார். பேட்டில் ராயலில் அதற்கு வழியில்லை.

இண்டஸ், புனாவில் இருக்கிற சூப்பர்கேமிங் என்ற கம்பெனி செய்தது. ஏற்கனவே மாஸ்க்கன் என்று ஒரு துப்பாக்கி விளையாட்டை விட்டவர்கள். இண்டஸில் கதை, வருங்காலம். சிந்துவெளி நாகரிகம் அழியாமல் வளர்ந்து, விண்வெளிக்கே போயிருந்தால் எப்படி இருக்கும் என்ற கற்பனை. விர்லாக் என்று ஒரு தீவு. அதில் காஸ்மியம் என்று ஒரு அபூர்வக் கனிமம். காலத்தையும் இடத்தையும் வளைக்கக்கூடியதாம். அதைத் தேடிப் போகிற வீரர்களுக்கு மித்வாக்கர் என்று பேர். ஒருத்தன் பேர் சர்-தாஜ். இன்னொருத்தி மோர்-நி. மயில்தான், ஹிந்தியில் கோடு போட்டு எழுதிவிட்டார்கள்.

இதெல்லாம் மாப்பிள்ளை எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இரண்டு வருஷம், ஒவ்வொரு ஞாயிறும் பாடம். முக்கியமாகக் காஸ்மியம்.

"மத்த கேம்ல கடைசி ஆளா நின்னாத்தான் மாமா ஜெயிக்கலாம். இதுல இன்னொரு வழி இருக்குது. கடைசி வட்டத்துல காஸ்மியம் வரும். அதைப் புடிச்சிக்கிட்டுக் கொஞ்ச நேரம் தாக்குப் புடிச்சா, எதிராளி உயிரோட இருந்தாக்கூட நீதான் வின்னர். முட்டாள்தான் அப்பவும் சுட்டுக்கிட்டு இருப்பான்."

இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு ஏங்குவானேன் என்று எனக்கும் தோன்றியது. கேட்டேன். அவன் சொன்ன பதிலில் சிரிக்க ஒன்றும் இல்லை.

2020-ல் கொரோனா. ஆன்லைன் கிளாஸுக்கென்று அக்கா சீட்டுப் பணத்தை எடுத்து ஃபோன் வாங்கிக் கொடுத்தாள். அதில் பப்ஜி வந்தது. ஊரில் நாலு பையன்கள் ஒரு செட். கோயில் படிக்கட்டில் உட்கார்ந்தால் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். நாலு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நாலு ஃபோனில் ஒரே யுத்தம். 2020 செப்டம்பர் 2. மத்திய சர்க்கார் ஒரே உத்தரவில் 118 ஆப்களைத் தடை செய்தது. பப்ஜி மொபைலும் அதில் ஒன்று. அக்டோபர் கடைசியில் சர்வரும் நின்றுபோனது. ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்யச் சொன்ன மாதிரி.

தடை வந்த இரண்டாவது நாளே நடிகர் அக்ஷய்குமார், ஃபௌஜி என்று நம்மூர் விளையாட்டு ஒன்று வருகிறது என்று அறிவித்தார். கல்வான் பள்ளத்தாக்கு, நம் ஜவான்கள். முன்பதிவு ஆரம்பித்த 24 மணி நேரத்தில் பத்து லட்சம் தாண்டியது. நம் நாலு பேரும் அதில் உண்டு. 2021 ஜனவரி 26, குடியரசு தினத்தன்று வந்தது. பார்த்தால், தனியாக நடந்துபோய்க் கையாலும் தடியாலும் அடிக்க வேண்டியது. நாலு பேர் சேர்ந்து ஆட முதலில் வழியே இல்லை. பிளே ஸ்டோரில் ஜனங்கள் மார்க்கைக் குறைத்துத் தள்ளிவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் மார்க் போடவில்லையாம். "ஜவான் படம் போட்டிருக்கானே மாமா, எப்படிக் கொறைக்கறது?"

2021 ஜூலையில் பப்ஜியையே கொரியாக் கம்பெனி கிராஃப்டன் பி.ஜி.எம்.ஐ. என்று பேர் மாற்றிக் கொண்டுவந்தது. பழைய கணக்கையும் கொண்டுவரலாம். செட்டுக்கு உயிர் வந்தது. ஒரே வருஷம். 2022 ஜூலை 28 அன்று அதுவும் ஸ்டோரிலிருந்து காணோம். ஏற்கனவே ஃபோனில் இருந்தவர்களுக்கு ஓடியது. ஆனால் செட்டில் ஒருத்தன் ஃபோன் கிணற்றில் விழுந்துவிட்டது. புது ஃபோனில் ஏற்ற முடியாது. நாலு பேர் மூன்று பேர் ஆனார்கள். ஃப்ரீ ஃபயர் ஆடலாமே என்றால், குறைந்த விலை ஃபோனிலும் ஓடுகிற அதை அந்த வருஷம் பிப்ரவரியிலேயே தூக்கிவிட்டார்கள்.

"எல்லாம் வாடகை வீடு மாமா. எப்ப காலி பண்ணச் சொல்லுவானோன்னு இருக்கணும். இண்டஸ்னா நம்ம ஊரு கம்பெனி. யாரும் புடுங்க மாட்டாங்க இல்ல?"

அவன் காத்திருந்தது விர்லாக் தீவுக்காக அல்ல. ஒரு பட்டாவுக்காக. இது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

2023 மே கடைசியில் பி.ஜி.எம்.ஐ. திரும்பி வந்தது, பதினெட்டுக்குக் கீழே இருந்தால் தினம் மூன்று மணி நேரம்தான் என்று கட்டுப்பாட்டோடு. ஆடினார்கள். ஆனால் ஒரு கண் வாசலிலேயே இருந்தது. அதே வருஷம் செப்டம்பர் 5-ல் ஃப்ரீ ஃபயர் இந்தியா வருகிறது, தோனியே வருகிறார் என்றார்கள். முந்தின நாள் தள்ளிப்போட்டார்கள். இண்டஸ்காரர்களோ தேதியே சொல்லவில்லை. 'விரைவில்.' ஊதியக் கமிஷனுக்குக் காத்திருந்த எனக்கு இந்த வார்த்தையின் முழு அர்த்தமும் தெரியும்.

உலகம் பூரா இதே கதைதான் என்று ஆறுதல் சொன்னேன். அமெரிக்காவில் ட்யூக் நியூகெம் ஃபாரெவர் என்று ஒன்றை 1997-ல் அறிவித்து 2011-ல் வெளியிட்டார்கள். பதினாலு வருஷம். அறிவித்த அன்று பிறந்த பிள்ளை ஒன்பதாவது படித்துக்கொண்டிருக்கும். போலந்துக்காரர்களின் சைபர்பங்க் 2077, 2012-ல் அறிவிப்பு. 2020-ல் மட்டும் மூன்று தடவை தேதி மாற்றி டிசம்பர் 10-ல் வந்தது. பிழைகள் தாங்காமல் ஒரே வாரத்தில் ஸோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. அடுத்த வருஷம்தான் திரும்ப வைத்தார்கள்.

"அப்ப லேட்டா வந்தாலும் ஒழுங்கா வராதுன்றீங்களா?"

ஆறுதல் சொல்வது எனக்கு வராது.

லேட் ஆவதற்கு நியாயமும் இருக்கிறது. பேட்டில் ராயலில் நீங்கள் ட்ரிக்கரைத் தொட்டால் சேதி சர்வருக்குப் போய் மற்ற அத்தனை பேர் ஃபோனுக்கும் கண்ணிமைக்கும் முன் போய்ச் சேர வேண்டும். சர்வர் தூரத்தில் இருந்தால் நீங்கள் சுடுவதற்கு முன்பே செத்திருப்பீர்கள். ஒரு லட்ச ரூபாய் ஃபோனிலும் ஓட வேண்டும், சீட்டுப் பணத்து ஃபோனிலும் ஓட வேண்டும். திருட்டு ஆட்டக்காரனைப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எந்நேரமும் ஆட ஆள் வேண்டும். ஆள் குறைந்தால் கம்ப்யூட்டர் பொம்மைகளை விட்டு நிரப்புவார்கள். பொம்மையைச் சுடுவதில் என்ன வீரம்? முன்பதிவு செய்த ஒரு கோடிப் பேரும் வந்து ஆடுவார்களா என்பதுதான் கேள்வி. என் வீட்டிலிருந்து யாரும் ஆடப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரியாது.

தேதி வரட்டும் என்று மாப்பிள்ளை ரங்கநாதரிடம் வேண்டிக்கொண்டான். தேசிங்கு ராஜா போருக்கு விடைகேட்க வந்தபோது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. "யுத்த விஷயமா இவர்கிட்ட போகாதேடா" என்றேன். கேட்கவில்லை.

2024 அக்டோபர் 16, புதன்கிழமை. வந்தேவிட்டது!

அதற்குள் என்ன ஆகிவிட்டது என்றால், செட் கலைந்துவிட்டது. ஒருத்தன் ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்டரி. ஒருத்தன் திருப்பூரில் பனியன் கம்பெனி. இன்னொருத்தன் செஞ்சி மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறான். முதல் நாள் ராத்திரி நாலு பேரும் சேர்ந்து ஆடுவது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோயில் படிக்கட்டில் சத்தியம். காப்பாற்றினார்கள். ஃபாக்டரிக்காரன் ஒருவரிடம் கெஞ்சி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டான். மளிகைக்காரன் தன் ஃபோனில் இடம் பண்ண, தங்கை கல்யாண வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றி அழித்தான். வெளியே மழை. நானும் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஆபீஸ் என்றால் என்ன, எப்போதும் அங்கே போய்த் தூங்குவதுதானே.

பதினொன்றரைக்கு நாலு குரலும் ஃபோனில் சேர்ந்தன. மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

முதல் ஆட்டம் சீக்கிரமே காலி. இரண்டாவதில் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். மூன்றாவதில் கடைசி வட்டம் வரைக்கும் போய்விட்டார்கள். மூன்று பேர் விழுந்தாயிற்று. இவன் ஒருத்தன். எதிரே ஒருத்தன், மறைவில். ராஜகிரி உச்சியில் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற மாதிரி. திரையில் பளபளவென்று என்னவோ இறங்கியது.

"மாமா அவனைப் பாத்துட்டேன்! பாத்துட்டேன்!" சுட்டான். சுட்டான். சுட்டுக்கொண்டே இருந்தான்.

"காஸ்மியம்டா! காஸ்மியம்!" என்று திருப்பூர் கத்தியது.

அவன் காதில் விழவில்லை. எதிராளி அமைதியாகப் போய்க் காஸ்மியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவன் உயிரோடு இருக்கும்போதே ஆட்டம் முடிந்தது. இரண்டு வருஷம் எனக்குப் பாடம் எடுத்தவன் ஃபோனை மடியில் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தான். அப்புறம் மெள்ள ஒரு சிரிப்பு கிளம்பியது. நாலு ஊரிலும் சிரித்தார்கள். அக்கா எழுந்து வந்து விளக்கை அணைக்கச் சொன்னாள்.

அந்த மாதிரி ஒரு ராத்திரி அப்புறம் அமையவில்லை. ஒருத்தன் வந்தால் ஒருத்தன் இல்லை. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் எங்கள் ஜில்லாவைப் புரட்டிப் போட்டது. கரண்ட் இல்லை, சார்ஜ் இல்லை, ஃபோன் டார்ச்சுக்குத்தான் பயன்பட்டது. விளையாட்டும் குறை இல்லாமல் இல்லை. ஃபோன் சூடேறுகிறது, பி.ஜி.எம்.ஐ. கைக்குப் படிந்த மாதிரி இது படியவில்லை என்று அவனே சொன்னான். மறு வருஷம் டிப்ளமோ முடிந்து ஒரகடம் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ எங்கள் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதையாவது ஊரில் இருந்து கொண்டாட அவனுக்கு லீவு இல்லை.

போன மாதம் அக்கா தன் ஃபோனை நீட்டினாள். "இடம் இல்ல இடம் இல்லன்னு கத்துது. என்னான்னு பாரு."

பார்த்தேன். முன்பதிவு செய்தபோதே, வெளியானதும் தானாக இறங்கட்டும் என்று அவன் தட்டிவிட்டிருக்கிறான். அப்படியே இறங்கிக் குந்தியிருக்கிறது இண்டஸ். ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

"இதான் இடத்தை அடைக்குது. எடுத்துடறேன்."

அக்கா வெடுக்கென்று ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"அது புள்ள வச்சிட்டுப் போனது. வேற எதுனா எடு."

குட்மார்னிங் படங்களாக முந்நூறை அழித்துக் கொடுத்தேன்.