‘கூகுளில் முதலிடம்’ காசுக்குக் கிடைக்குமா? தீபாவளி வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே முறுக்கு, அச்சுமுறுக்கு, நெய்யுருண்டை செய்து விற்பவர்களின் புலனத்திற்கு அந்தச் செய்திகள் வரத் தொடங்கிவிடும். 30 நாளில் கூகுளில் முதலிடம் உறுதி என்கிறது ஒன்று. 10,000 பின்தொடர்வோரை ஒரே வாரத்தில் சேர்த்துத் தருகிறோம் என்கிறது இன்னொன்று. விலை சில நூறு வெள்ளியில் தொடங்கிச் சில ஆயிரம் வரை போகிறது. வீட்டின் பின்கட்டில் அடுப்பு வைத்துத் தொழில் தொடங்கிய குடும்பத்திற்கு இது சின்னத் தொகையில்லை. மாவும் எண்ணெயும் வாங்க வைத்திருந்த பணமாகவோ, தெக்குன் கடனில் வந்த பணமாகவோதான் பெரும்பாலும் இருக்கும்.

அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் சில விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

கூகுளில் ஒருவர் தேடும்போது இரண்டு வகை முடிவுகள் திரையில் வருகின்றன. ‘ஸ்பான்சர்ட்’ என்ற சிறு குறிப்போடு வருபவை விளம்பரங்கள். காசு இருக்கும்வரை நிற்கும், தீர்ந்தவுடன் மறைந்துவிடும். மற்றவை இயல்பான முடிவுகள். இவற்றில் மேலே இடம்பிடிக்கக் கூகுள் யாரிடமும் காசு வாங்குவதில்லை. விளம்பரம் கொடுத்தவர் என்பதற்காக அவருடைய தளத்தை இந்த வரிசையில் ஏற்றுவதுமில்லை. இயல்பான முடிவுகளில் மேலே தெரியும்படி ஒரு தளத்தைச் செப்பனிடும் வேலைக்குத்தான் தேடுபொறி உகப்பாக்கம், சுருக்கமாக எஸ்.இ.ஓ. என்று பெயர்.

இந்த வேலையில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. பலன் தெரியப் பெரும்பாலும் 4 மாதம் முதல் 1 வருடம் வரை ஆகும் என்றும் அது சொல்கிறது. செப்டம்பரில் பணம் கட்டியவருக்குச் சீக்கிரமாகப் பலன் கிடைத்தாலும் ஜனவரி ஆகிவிடும். பலகாரம் விற்க வேண்டிய நாள் போய், பொங்கலும் தைப்பூசமும் வந்திருக்கும்.

அப்படியானால் முதலிடத்தைக் கண்ணெதிரே காட்டுகிறார்களே என்று கேட்கலாம். எந்தச் சொல்லைத் தட்டிக் காட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் கடையின் சொந்தப் பெயரைத்தான் தட்டுவார்கள். அந்தப் பெயரில் வேறு கடை இல்லாதபோது அது முதலில் வருவதில் வியப்பில்லை. தேடுபவர் இருக்கும் இடத்தையும் அவர் முன்பு தேடியவற்றையும் பொறுத்து முடிவுகள் மாறும் என்பது இன்னொரு விஷயம். பூச்சோங்கில் இருக்கும் கடையை அந்தக் கடைக்குள்ளேயே நின்று தேடினால் அது மேலே வராமல் எங்கே போகும்?

புதிதாக வரும் வாடிக்கையாளர் கடையின் பெயரைத் தேடுவதில்லை. பெயர் தெரிந்திருந்தால் நேராகத் தொலைபேசியிலேயே அழைத்துவிடுவார். கிள்ளானில் தீபாவளி முறுக்கு எங்கே கிடைக்கும், சுங்கை பட்டாணியில் கல்யாணத்துக்குச் சமைத்துக் கொடுப்பவர் யார் என்றுதான் தேடுவார். அதையும் வீட்டில் தமிழ் பேசுபவர்கள்கூட ரோமன் எழுத்திலோ, மலாயிலோ, ஆங்கிலத்திலோதான் பல நேரம் தட்டுகிறார்கள். பூக்கடையைத் தேடுபவர் ‘கெடாய் பூங்கா’ என்று தட்டலாம். (மலாயில் அந்தச் சொல்லுக்குப் பூ என்று பொருள், தமிழில் பூந்தோட்டம்.) இந்தச் சொற்கள் கடையின் பக்கத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

இந்தியச் சிறு வணிகர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். பெயர், விலை, ஊர், தொலைபேசி எண் எல்லாவற்றையும் வண்ணமயமான ஒரு போஸ்டருக்குள் அடைத்துப் படமாகப் போட்டுவிட்டு, அதன் கீழே ஒரு வரிகூட எழுதுவதில்லை. கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால், தேடுபொறி முதலில் படிப்பது எழுத்தை. போஸ்டரில் உள்ளதை அதன் கீழே மூன்று மொழியிலும் நான்கு வரி எழுதிப் போடக் காசு எதுவும் தேவையில்லை. அதற்காக ‘முறுக்கு’ என்பதையே நூறு முறை எழுதுவதும், பின்னணி நிறத்திலேயே எழுத்தை ஒளித்து வைப்பதும் பழைய தந்திரங்கள். கூகுள் அவற்றை விதிமீறலாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ சேர்த்துத் தருகிறோம் என்று தனிக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு. அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

ஊருக்குள் வியாபாரம் செய்பவருக்கு இணையத்தளத்தைவிட முதலில் வேண்டியது கூகுள் பிசினஸ் புரொபைல். வரைபடத்தில் கடையைக் காட்டுவது இதுதான். இது முற்றிலும் இலவசம். கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் கடை வரைபடத்திலிருந்து நீக்கப்படும் என்று யாராவது அழைத்தால் தொலைபேசியை வைத்துவிடலாம். தேடலுக்குப் பொருத்தம், தூரம், கடைக்கு இருக்கும் பெயர் ஆகிய மூன்றையும் வைத்தே அங்கு வரிசை அமைகிறது. வீட்டிலிருந்து சமைத்து விநியோகம் செய்யும் பெண்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, விநியோகிக்கும் பகுதிகளை மட்டும் காட்டிக்கொள்ளலாம். வாடிக்கையாளரிடம் கருத்து எழுதச் சொல்லிக் கேட்பது தவறில்லை. ஐந்து நட்சத்திரம் போட்டால் ஒரு பொட்டலம் இலவசம் என்பது விதிமீறல். அப்படி வந்த கருத்துகள் நீக்கப்படலாம்.

சமூக ஊடகத்துக்கு வந்தால், எண்ணிக்கைதான் பெரிய மயக்கம். காசுக்கு வாங்கிய 10,000 பின்தொடர்வோரில் பெரும்பாலானவை போலிக் கணக்குகள் அல்லது எங்கோ வெளிநாட்டில் இருப்பவை. பந்திங்கில் ஒரு டின் முறுக்கு வாங்க அவர்களில் ஒருவரும் வரப்போவதில்லை. இதில் நட்டமும் இருக்கிறது. ஒரு பதிவை யாருக்கெல்லாம் காட்டலாம் என்பதை, அதைப் பார்ப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை வைத்தே முகநூல் கணிக்கிறது. கருத்தும் எழுதாமல், பகிரவும் செய்யாமல் கிடக்கும் கூட்டம் அந்தக் கணிப்பைக் கெடுத்துவிடும். நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னுரிமை தந்து, வணிகப் பக்கங்களின் பதிவுகளைக் குறைத்துக் காட்டப் போவதாக முகநூல் 2018 ஜனவரியில் அறிவித்தது. ஆகவே பக்கத்தைப் பின்தொடரும் எல்லாருக்கும் பதிவு போய்ச் சேரும் என்று நினைப்பதும் தவறு. லைக் கூடினால் கூகுளிலும் மேலே போகலாம் என்பதும் அப்படித்தான். லைக் எண்ணிக்கையை நேரடி அளவுகோலாகக் கொள்வதில்லை என்று கூகுள் தரப்பு 2014இல் விளக்கியிருக்கிறது.

டிக்டாக்கில் ஒரு காணொளி இலட்சம் பார்வை பெறுவது மகிழ்ச்சிதான். தைப்பிங்கைத் தாண்டி விநியோகம் செய்ய முடியாதவருக்கு அதில் எத்தனை பார்வை தைப்பிங்கிலிருந்து வந்தது என்பதே கணக்கு. கட்டண விளம்பரத்தில் அந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் மட்டும் தேர்ந்தெடுக்க முடியும். அந்த விளம்பரத்துக்கு 8 விழுக்காடு சேவை வரியும் சேரும். இலக்கவியல் சேவைகளுக்கு 2020 ஜனவரியில் 6 விழுக்காடாகத் தொடங்கிய வரி, 2024 மார்ச் 1 முதல் உயர்ந்தது. 1,000 வெள்ளி பேக்கேஜ் என்று சொல்பவரிடம் அதில் விளம்பரத்துக்குப் போவது எவ்வளவு, வரி எவ்வளவு, அவருடைய கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். நேர்மையாக இந்தத் தொழில் செய்யும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தயங்காமல் சொல்வார்கள். என்ன விற்கிறீர்கள், யாருக்கு விற்கிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தயாரிக்க முடியும் என்று திருப்பிக் கேள்வியும் கேட்பார்கள்.

காசு போவதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. பக்கத்தையும் தளத்தின் பெயரையும் கூகுள் கணக்கையும் செய்து கொடுப்பவரே தன் பெயரில் திறந்து வைத்துக்கொள்வது. நட்பாக இருக்கும்வரை தெரியாது. மாதக் கட்டணம் நின்ற பிறகு, பல வருடம் சேர்த்த வாடிக்கையாளர்களும் அவர்கள் எழுதிய கருத்துகளும் இன்னொருவர் கையில் இருக்கும். கூகுள் புரொபைலில் முதன்மை உரிமையாளர் கடைக்காரராகவும், வேலை செய்பவர் நிர்வாகியாகவும் இருக்கலாம். முகநூல் பக்கத்திலும் முழுக் கட்டுப்பாட்டைத் தராமல் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் அனுமதி தர வழியுண்டு. கடவுச்சொல்லையோ தொலைபேசிக்கு வரும் குறியீட்டு எண்ணையோ கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. தளத்தின் பெயர் கடைக்காரர் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடலாம்.

கூகுள் புரொபைல் ஏற்கெனவே வேறொருவர் கையில் போயிருந்தால், அதே பக்கத்தில் உரிமை கோரி விண்ணப்பிக்கலாம். கடை தன்னுடையது என்பதை நிரூபிக்கச் சொல்வார்கள். வங்கிக் கணக்கிலிருந்து மோசடியாகப் பணம் போயிருந்தால், உடனே வங்கியையோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும்.