மூளையில் இடம்பிடித்த போக்கிமான்

ஒரு முகத்தைப் பார்த்ததும் நம் மூளையின் பின்பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடம் விழித்துக்கொள்கிறது. எழுத்துக்கு வேறோர் இடம், வீடு, தெருவுக்கு இன்னோர் இடம். யாருடைய மூளையை ஆராய்ந்தாலும் இந்த இடங்கள் பெரிதாக மாறுவதில்லை. இந்த ஒழுங்கு எப்படி வந்தது?

விடை காண ஒரு சோதனை வேண்டும். இயற்கையில் இல்லாத உருவங்களைச் சிறு குழந்தைகளுக்கு ஒரே அளவில், ஒரே தொலைவில், மாதக்கணக்கில் காட்ட வேண்டும். அவர்கள் அவற்றைப் பேர்பேராக அடையாளம் காணப் பழக வேண்டும். எந்த ஆய்வுக்கூடத்தாலும் ஆகாத காரியம் இது. ஆனால், ஜப்பானிலிருந்து வந்த ஒரு விளையாட்டு தன்னையறியாமல் இதைச் செய்து முடித்திருந்தது.

கேம் பாய் கருவிக்காக 1996-இல் ஜப்பானில் வெளியான போக்கிமான், 1998-இல் அமெரிக்காவுக்குப் போனது. அதில் 151 உயிரினங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் திரையில் அவற்றைத் தேடிப் பிடித்து, ஒன்றையொன்று பிரித்தறிந்தபடி ஒரு தலைமுறையே வளர்ந்தது.

அப்படி ஆடி வளர்ந்த 11 பேரையும் ஆடாத 11 பேரையும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெஸ்ஸி கோமெஸ் குழுவினர் எம்.ஆர்.ஐ. கருவியில் படுக்கவைத்துப் படங்களைக் காட்டினார்கள். 2019-இல் முடிவுகள் வெளியாயின. ஆடியவர்களின் மூளையில், காதுக்குப் பின்புறமாக அமைந்த ஒரு மடிப்பு போக்கிமானுக்குத் தனியாகத் துலங்கியது. அதுவும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில்!

காரணம், அந்தச் சின்னத் திரைதான். கைக்கெட்டும் தொலைவில் பிடித்த சிறு படம் விழித்திரையின் நடுப்பகுதியில் மட்டுமே விழும். வீடும் தெருவும் பார்வையின் ஓரம் வரை பரவும். நடுப்பார்வையைக் கையாளும் பகுதியிலேயே போக்கிமானுக்கும் இடம் கிடைத்திருந்தது. ஒன்றைச் சிறுவயதில் கண்ணின் எந்தப் பகுதியால் பார்க்கிறோமோ, அதைப் பொறுத்தே மூளையில் அதற்கு இடம் அமைகிறது என்ற கருத்துக்கு இது வலுவான சான்று.

இன்னொரு முடிவு கவலை தருவது. பிரிட்டனில் ஆண்ட்ரூ பாம்ஃபோர்டு குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 8 வயதுக் குழந்தைகள் போக்கிமான்களில் கிட்டத்தட்ட 80 விழுக்காட்டை அடையாளம் சொன்னார்கள். சுற்றிலும் வாழும் செடி, விலங்குகளில் பாதியைத்தான் அவர்களால் சொல்ல முடிந்தது.

போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி, சிறுவயதில் டோக்கியோவின் புறநகரில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். வயல்களும் குளங்களும் கட்டடங்களாகிவிட்ட பின், அந்த ஆனந்தத்தை நகரத்துக் குழந்தைகளுக்கும் தர விரும்பியே இந்த விளையாட்டைப் படைத்தார். நூற்றைம்பது உயிர்களைப் பேர்சொல்லி அறியும் ஆற்றலும் ஆசையும் குழந்தைகளுக்கு உண்டு என்பதை அவர் படைப்பு நாடு கடந்து நிரூபித்துவிட்டது. அந்த ஆற்றலுக்கு முன்னால் மைனாவையும் தும்பியையும் கொண்டுபோய் நிறுத்துவது பெரியவர்களாகிய நம் பொறுப்பு.