வீட்டு எண் புதிரும் கணினி நிரலும்

1914 டிசம்பரில் லண்டன் 'ஸ்ட்ராண்ட்' மாத இதழில் வெளிவந்த எண் புதிர் ஒன்று, அதனைக் கேம்பிரிட்ஜில் கணித மேதை இராமானுஜனுக்கு அவருடைய நண்பர் மகலனோபிஸ் படித்துக் காட்டியதால், கணித வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. ஒரு தெருவில் 1, 2, 3 என வரிசையாக எண்ணிட்ட வீடுகள் உள்ளன; அவற்றுள் ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம்; வீடுகள் 50க்கு மேலும் 500க்குக் கீழும் இருப்பின், அவ்வீட்டின் எண் யாது என்பதே கேள்வி.

கணினி செய்ய வேண்டியவற்றைப் படிப்படியாக எழுதிய கட்டளைத் தொகுப்பே நிரல். அதில் ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செயல்படுத்தும் பகுதி மடக்கு எனப்படும். வெளி மடக்கு தெருவின் நீளத்தை 51 முதல் 499 வரை மாற்ற, உள் மடக்கு அந்தந்தத் தெருவின் ஒவ்வொரு வீட்டையும் சோதிக்குமாறு எழுதினால், முழுத் தேடலில் 1,23,475 சோதனைகள் நிகழும்.

இயற்கணிதம் இவ்வுழைப்பைப் பெரிதும் குறைக்கிறது. இரு புறமும் சமமாக இருப்பின், தெருவிலுள்ள எல்லா எண்களின் மொத்தம் அவ்வீட்டு எண்ணின் வர்க்கமாகவே அமையும். எட்டு வீடுகள் உள்ள தெருவில் 1 முதல் 5 வரை கூட்டினால் 15, ஏழையும் எட்டையும் கூட்டினாலும் 15, மொத்தமாகிய 36 ஆறின் வர்க்கம். ஆகவே, வீடுகளின் எண்ணிக்கையை அதற்கடுத்த எண்ணால் பெருக்கிப் பாதியாக்கி மொத்தத்தைப் பெற்று, அது வர்க்க எண்தானா என்று பார்க்கும் ஒரே மடக்கு போதும்; சோதனைகள் 449 ஆகச் சுருங்கிவிடும். கணினி தசம இலக்கங்களை ஓரளவுக்கு மேல் துல்லியமாக வைத்திருக்காது என்பதால், வர்க்கமூலத்தின் முழு எண் பகுதியை மட்டும் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி மொத்தத்தோடு ஒப்பிடுவது நம்பகமான முறையாகும். 288 வீடுகளின் மொத்தமாகிய 41,616இல் இச்சோதனை வெற்றி பெறுகிறது, விடை 204.

அடுப்பில் காய்கறியைக் கிளறியபடியே இராமானுஜன் சொன்ன விடையோ ஒரு தொடர்பின்னம். அதாவது, பகுதியில் வேறொரு பின்னம், அதன் பகுதியில் இன்னொன்று என நீளும் கோவை. வீடுகளுக்கு வரம்பே இல்லாவிடினும் பொருந்தும் விடைகள் அனைத்தையும் அது தந்தது. 1, 6, 35, 204, 1189 எனச் செல்லும் அவ்வரிசையில், ஓர் எண்ணை ஆறால் பெருக்கி அதற்கு முந்தைய எண்ணைக் கழித்தால் அடுத்தது கிடைக்கும். 499இல் நின்றுவிடும் மடக்கு தன் எல்லைக்கு அப்பால் விடை உண்டா என்பதைச் சொல்லாது. அந்த எல்லையை நீக்கி இவ்விதியை நிரலில் எழுதினால், தேடுதல் என்பதே இல்லாமல், ஒரு பெருக்கலும் ஒரு கழித்தலும் அடுத்த விடையைத் தந்துவிடும்.