மேரி ஷெல்லி: காதல் கதைக்குள் அடங்காத ஒரு எழுத்தாளர்

‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்ற சொல் எங்களுடைய அரசியல் கட்டுரைகளில் அடிக்கடி வந்துபோகும். ஒரு அரசாங்கம் தானே வளர்த்துவிட்ட ஆயுதக்குழுவோ, தானே கொண்டுவந்த சட்டமோ திரும்பித் தன்னையே கடிக்கும்போது அதை “ஃபிராங்கன்ஸ்டைன் பூதம்” என்று எழுதுவோம். உண்மையில் நாவலில் ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயரல்ல. அதைச் செய்த மாணவனின் பெயர். அவன் செய்த உயிருக்குக் கடைசிவரை பெயரே வைக்கப்படவில்லை. இந்தக் கதையை எழுதத் தொடங்கியபோது மேரிக்கு வயது 18. 1818 ஜனவரி 1ஆம் திகதி புத்தகம் வெளிவந்தபோது 20. அட்டையிலோ முதற்பக்கத்திலோ அவருடைய பெயர் இருக்கவில்லை.

இந்தப் பெண்ணின் 16 வயது முதல் 20 வயது வரையான காலத்தைத்தான் ‘மேரி ஷெல்லி’ என்ற திரைப்படம் எடுத்துக்கொள்கிறது. 2017இல் ரொறன்ரோ சர்வதேசத் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, 2018இல் திரையரங்குகளுக்கு வந்த படம். மேரியாக எல் ஃபேனிங், கவிஞர் பேர்சி ஷெல்லியாக டக்ளஸ் பூத் நடித்திருக்கிறார்கள். இயக்கியவர் ஹைஃபா அல் மன்சூர். சவூதி அரேபியாவின் முதல் பெண் திரைப்பட இயக்குநர் என்று அறியப்படுபவர். அவருடைய ‘வஜ்தா’ (2012) படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் வாங்க ஆசைப்படும் ஒரு சிறுமியின் கதை. அதன் வெளிப்புறக் காட்சிகள் சிலவற்றை, தெருவில் ஆண்களோடு நின்று வேலைசெய்ய முடியாத காரணத்தால், ஒரு வானுக்குள் இருந்தபடி வோக்கி டோக்கியில் சொல்லிச் சொல்லி எடுத்தவர் அவர். அந்த நாட்டில் திரையரங்குகளே 2018 ஏப்ரலில்தான் மீண்டும் திறக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஒருவர், 200 வருடங்களுக்கு முந்திய ஆங்கிலேயப் பெண்ணொருவர் தன் பெயரைப் புத்தகத்தில் போடப் போராடிய கதையை ஏன் எடுத்தார் என்பதற்கு விளக்கம் தேவைப்படாது.

படத்தை நான் இரண்டு தடவை பார்த்தேன். இரண்டாவது தடவை, மேரியின் வாழ்க்கை பற்றி வாசித்த பிறகு. அப்போதுதான் படம் எதை விட்டுவிட்டது, எதை மாற்றியது என்பது தெரிந்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

மேரி 1797 ஓகஸ்ட் 30ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தாய் மேரி வொல்ஸ்டன்கிராஃப்ட், பெண்களின் உரிமைகள் பற்றி 1792இல் எழுதிய நூலுக்காக இன்றும் பேசப்படுபவர். மகள் பிறந்து 11 நாட்களில் பிரசவத்தின் பின்னான காய்ச்சலில் இறந்துபோனார். தந்தை வில்லியம் கொட்வின், அரசும் திருமணமும் மனிதரைக் கட்டிப்போடும் ஏற்பாடுகள் என்று எழுதிப் புகழ்பெற்ற சிந்தனையாளர். ஆனால் வீட்டில் அவர் கடன்காரர். இரண்டாவது மனைவியோடு சேர்ந்து சிறுவர் புத்தகக்கடை நடத்தினார், அதுவும் நட்டத்தில் ஓடியது. அந்த வீட்டுக்குத்தான் 21 வயதுப் பேர்சி ஷெல்லி வருகிறார். பிரபு குடும்பத்துப் பிள்ளை, நாத்திகத் துண்டுப்பிரசுரம் எழுதியதற்காக 1811இல் ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர், கொட்வினின் கொள்கைகளில் மயங்கியவர், கொட்வினுக்குப் பணம் திரட்டிக் கொடுக்க வாக்களித்தவர். ஏற்கெனவே திருமணமானவரும்கூட.

மேரியும் பேர்சியும் சந்தித்துப் பேசிய இடம் மேரியின் தாயுடைய கல்லறை. படத்தில் அழகாக வரும் இந்தக் காட்சி கற்பனையல்ல. செயின்ட் பங்க்ராஸ் தேவாலய மயானத்தில் அந்தக் கல்லறைக்கருகே இருந்து புத்தகம் வாசிப்பது மேரியின் வழக்கம். 1814 ஜூலை 28ஆம் திகதி அதிகாலை இருவரும் பிரான்சுக்கு ஓடிப்போனார்கள். கூடவே மேரியின் சிற்றன்னையின் மகள் கிளேயரும் போனார். மேரிக்கு அப்போது 16 வயது. திருமணத்தைக் கண்டித்து எழுதிய கொட்வின், தன் மகள் திருமணமின்றி ஒருவரோடு போனதும் அவரைப் பார்க்கவே மறுத்துவிட்டார். பேர்சியிடம் பணம் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. புரட்சி பேசும் ஆண்கள் வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துக் கொள்கையையும் கழற்றி வைப்பது அன்றைக்கே இருந்திருக்கிறது.

பேர்சியின் மனைவி ஹரியட்டும் 1811இல் அவரோடு ஓடிவந்தபோது 16 வயதுதான். பேர்சி மேரியோடு போன நேரத்தில் ஹரியட் ஒரு மகளின் தாய், இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். அந்த மகன் 1814 நவம்பரில் பிறந்தான். அதே மாதங்களில் மேரியும் கர்ப்பமாக இருந்தார். 1816 டிசெம்பரில் இலண்டன் ஹைட் பூங்காவின் சேர்பன்டைன் ஏரியில் ஹரியட்டின் உடல் கண்டெடுக்கப்பட்டது. வயது 21. அதற்கு 2 மாதங்களுக்கு முன், ஒக்டோபரில், மேரியின் தாய்வழிச் சகோதரி ஃபனி இம்லே சுவான்சி நகரத்து விடுதியொன்றில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஹரியட்டின் உடல் கிடைத்து மூன்று வாரம் கடக்குமுன், டிசெம்பர் 30ஆம் திகதி, மேரிக்கும் பேர்சிக்கும் திருமணம் நடந்தது. ஹரியட்டின் பிள்ளைகளைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு பேர்சி கேட்டார். நீதிமன்றம் மறுத்துவிட்டது.

படத்தில் ஹரியட் ஓரளவுக்கு வருகிறார். ஃபனி இல்லவே இல்லை. இது திரைக்கதையைச் சுருக்குவதற்காக எடுத்த முடிவு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஃபனியைக் கொண்டுவந்தால் இது இரண்டு பேரின் காதல் கதையாக இருக்காது. கட்டற்ற காதல் என்ற பரிசோதனைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கணக்காக மாறிவிடும். ஹரியட், ஃபனி, கிளேயர், கிளேயருக்குப் பைரன் பிரபுவால் பிறந்து 5 வயதில் ஒரு கன்னியர் மடத்தில் இறந்துபோன அலெக்ரா. இந்தப் பட்டியலில் ஆண்பெயர் ஒன்றும் இல்லை.

மேரியின் முதல் குழந்தை 1815 பெப்ரவரியில் நாட்கள் நிறையுமுன் பிறந்தது. பெண்குழந்தை. இரண்டு வாரத்துக்குள் இறந்துவிட்டது. படத்தில் அதற்குக் கிளாரா என்று பெயர். கடன்காரர்களுக்குப் பயந்து கொட்டும் மழையில் ஓடும் இரவு குழந்தையின் சாவுக்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. நிஜத்தில் அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்ததாகப் பதிவில்லை. காலையில் பார்த்தபோது இறந்து கிடந்தது என்பதே மேரியின் நாட்குறிப்பில் உள்ளது. சில நாட்களின் பின் அதே நாட்குறிப்பில் ஒரு கனவைக் குறித்து வைத்திருக்கிறார்: குழந்தை குளிரில் விறைத்துத்தான் போயிருந்தது, நெருப்புக்கு அருகே வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டது. ஒரு உடலுக்குத் திரும்ப உயிர் கொடுக்கும் நாவலை எழுதுவதற்கு ஒன்றேகால் வருடத்துக்கு முன் எழுதிய குறிப்பு இது. இதைவிட வலுவான காட்சியைத் திரைக்கதை ஆசிரியர் எவரும் கற்பனைசெய்ய முடியாது. படம் ஏன் மழையை நம்பியது என்று எனக்கு விளங்கவில்லை.

1816 ஜனவரியில் பிறந்த மகன் வில்லியமையும் படம் காட்டவில்லை. ஜெனிவா ஏரிக்கரையில் நாவல் பிறந்த அந்தக் கோடையில் மேரி கைக்குழந்தையோடு இருந்தவர். பாலூட்டிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்த ஒரு இளம் தாயைத் திரையில் பார்க்க நான் ஆசைப்பட்டேன். கிடைத்தது, காதலனால் காயப்பட்டுத் தனியே நடந்து திரியும் இளம்பெண்.

அந்தக் கோடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகி ஒரு மாதம் கழித்து என்று சொன்னால் எங்களுக்குக் காலம் பிடிபடும். வானத்துக்குப் போன தூசியும் கந்தகமும் அடுத்த வருடம் ஐரோப்பாவின் வெயிலை மறைத்தன. பயிர்கள் அழிந்தன, பஞ்சம் வந்தது. 1816ஐ இன்றும் ‘கோடை இல்லாத ஆண்டு’ என்கிறார்கள். பைரன் வாடகைக்கு எடுத்திருந்த வில்லா டியோடாட்டியில் மழையால் அடைபட்டுக் கிடந்தவர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று முடிவெடுத்தார்கள். புகழ்பெற்ற இரு கவிஞர்களும் தங்கள் கதைகளைப் பாதியில் கைவிட்டார்கள். முடித்தவர்கள் இரண்டு பேர்: மேரியும், பைரனின் வைத்தியரான ஜோன் பொலிடோரியும். பொலிடோரியின் இரத்தக்காட்டேரிக் கதை 1819இல் பைரனின் பெயரில் வெளிவந்தது. மேரியின் கதையைப் பலர் பேர்சியுடையது என்று நினைத்தார்கள். இந்த இரண்டு களவுகளையும் அருகருகே வைத்த இடம் படத்தின் நல்ல பகுதிகளில் ஒன்று. பொலிடோரியாக வரும் பென் ஹார்டி மிகையில்லாமல் நடித்திருக்கிறார்.

பெயரில்லாமல் புத்தகம் வந்ததைப் படம் பெண்ணுக்கு இழைத்த அநீதியாக மட்டும் காட்டுகிறது. அது பாதி உண்மை. அக்காலத்தில் ஜேன் ஒஸ்டின் தன் முதல் நாவலை ‘ஒரு சீமாட்டி’ எழுதியது என்றே 1811இல் வெளியிட்டார். ஆனால் வோல்டர் ஸ்கொட்டும் 1814இல் தன் முதல் நாவலைப் பெயரில்லாமல்தான் வெளியிட்டார். வித்தியாசம் எங்கே என்றால், பெயரில்லாத ஒரு நல்ல புத்தகத்தைக் கண்டால் வாசகர் யாரைத் தேடுகிறார் என்பதில்தான். ‘ஃபிராங்கன்ஸ்டைனை’ப் பாராட்டி விமர்சனம் எழுதிய அதே ஸ்கொட், எழுதியவர் பேர்சி ஷெல்லி என்றே எடுத்துக்கொண்டார். முன்னுரையைப் பேர்சி எழுதியதும், நூல் அவருடைய ஆசானான கொட்வினுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டதும் சந்தேகத்தை வளர்த்தன. மேரி ஸ்கொட்டுக்குக் கடிதம் எழுதி, நாவல் தன்னுடையது என்று தெரிவித்தார்.

படத்தின் முடிவில், கொட்வினின் கடையில் கூடியிருப்பவர்கள் முன் பேர்சி எழுந்து, இது மேரியின் எழுத்து என்று அறிவிக்கிறார். பிறகு இருவரும் சமாதானமாகிறார்கள். கண் கலங்க வைக்கும் காட்சி, ஆனால் நடந்ததற்கு ஆதாரம் இல்லை. புத்தகம் வந்த இரண்டரை மாதத்தில் அவர்கள் இத்தாலிக்குப் போய்விட்டார்கள். மேரியின் பெயர் முதற்பக்கத்தில் வந்தது 1823இல், பேர்சி இறந்து ஒரு வருடத்துக்குப் பிறகு. அதற்கு வழிவிட்டது ஒரு நாடகம். அந்த வருடம் ஜூலையில் இலண்டனில் நாவலை மேடையேற்றினார்கள், கூட்டம் வந்தது. சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தி இரண்டாம் பதிப்புக்கு ஏற்பாடு செய்தவர் தந்தை கொட்வின். இத்தாலியிலிருந்து திரும்பிய மேரியும் அந்த நாடகத்தைப் போய்ப் பார்த்தார். நிகழ்ச்சி நிரலில் பூதத்தின் பெயருக்கு நேரே வெறும் கோடுகள் மட்டும் போட்டிருந்தார்களாம். அது அவருக்குப் பிடித்திருந்தது.

ஒரு பெண்ணின் பெயரை மீட்டுக்கொடுக்கும் படம், அதற்கான வார்த்தையைக் கணவனின் வாயில் வைத்தது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

சரி, பேர்சியின் கை நாவலில் எவ்வளவு? மேரி எழுதிய கொப்பிகள் ஒக்ஸ்ஃபோர்டின் பொட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. பேர்சியின் திருத்தங்கள் அவற்றில் தெளிவாகத் தெரியும். அவற்றைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர் சார்ள்ஸ் ரொபின்சன் 2008இல் வெளியிட்ட பதிப்பில், ஏறத்தாழ 72,000 சொற்களில் 4,000 முதல் 5,000 வரை பேர்சியுடையவை என்று கணக்கிட்டார். நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் இன்றைக்கும் செய்கிற வேலை அளவுதான். பல இடங்களில் மேரியின் எளிய சொல்லை எடுத்துவிட்டு அவர் கனமான சொல்லைப் போட்டிருக்கிறார். எனக்குப் பிடித்தது மேரியின் சொல்தான்.

ஆனால் என்னுடைய பெரிய முறைப்பாடு வேறு. மேரிக்கு நடந்த துன்பங்களே நாவலாக வந்தன என்று படம் சொல்கிறது. தந்தை கைவிட்டார், காதலன் அலட்சியம் செய்தான், ஆகவே கைவிடப்பட்ட பூதம் பிறந்தது. இதில் உண்மை உண்டு. ஆனால் அந்த மாதங்களில் மேரி வாசித்தவை எல்லாம் நாட்குறிப்பில் இருக்கின்றன. மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ நாவலுக்குள்ளேயே வருகிறது, பூதம் அதை வாசிக்கிறது. 1816 ஒக்டோபரில், நாவலை எழுதிக்கொண்டிருந்தபோதே, ஹம்ஃப்ரி டேவியின் இரசாயனவியல் நூலை வாசித்தார். தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் 1803இல் இலண்டனில் மின்சாரம் பாய்ச்சிக் காட்டிய அல்டினியின் பரிசோதனை அன்றைய அறிவுலகில் பேசப்பட்ட செய்தி. படத்தில் மின்சாரக் கண்காட்சி ஒன்று வருகிறது. இரசாயனவியல் புத்தகம் வரவில்லை. ஒரு பெண் வாசிப்பதைப் படமாக்குவது கடினம், அழுவதைப் படமாக்குவது சுலபம்.

ஆண் எழுதினால் அவருடைய வாசிப்பைப் பற்றிக் கேட்கிறோம், பெண் எழுதினால் அவருடைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்கிறோம். எங்களுடைய நூல் வெளியீடுகளிலும் “இது உங்கள் சொந்தக் கதையா” என்ற கேள்வி யாரை நோக்கிப் போகிறது என்று கவனித்துப் பாருங்கள்.

அப்படியிருந்தும் படத்தைப் பாருங்கள் என்றே சொல்வேன். எல் ஃபேனிங்கின் மேரி, யாரையும் கெஞ்சாத முகத்தோடு பதிப்பாளர்கள் முன் உட்கார்ந்திருக்கும் காட்சிகளுக்காகவே பார்க்கலாம். பெல் பவ்லி நடித்த கிளேயர் இன்னும் ஒரு படத்துக்குரிய பாத்திரம்.

படம் நிற்கும் இடத்திலிருந்து மேரி இன்னும் 33 வருடங்கள் வாழ்ந்தார். மகள் கிளாரா 1818இல் வெனிசில் இறந்தாள், வில்லியம் 1819இல் ரோமில் இறந்தான். 1822 ஜூலையில் பேர்சி படகு கவிழ்ந்து கடலில் மூழ்கினார். 24 வயதில் விதவையான மேரி, மிஞ்சிய ஒரே மகனோடு இங்கிலாந்து திரும்பி, எழுதியே சீவித்தார். கொள்ளைநோயால் மனிதகுலம் அழியும் நாவல் ஒன்றை 1826இல் வெளியிட்டார். பேர்சியின் தந்தை பேரனுக்காகச் சிறிய உதவித்தொகை கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: தான் உயிரோடு இருக்கும்வரை பேர்சியின் வாழ்க்கை வரலாற்றை மேரி எழுதக்கூடாது. மேரி எழுதவில்லை. பேர்சியின் கவிதைகளை 1839இல் தொகுத்து வெளியிட்டார். ஒவ்வொரு காலக் கவிதைகளுக்கும் பின்னால், அவை எங்கே, எந்த நிலையில், எந்தத் துயரத்தில் எழுதப்பட்டன என்று நீண்ட குறிப்புகள் சேர்த்தார். பேர்சியின் வாழ்க்கையை அறிய விரும்பியவர்கள் பிறகு அந்தக் குறிப்புகளைத்தான் தேடிப் போனார்கள்.