தெறிக்கும் கிட்டார், கலகலக்கும் கிட்டார்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? விண்ணென்று தெறிக்கும் நாதம் வேண்டுமா, சலங்கை குலுங்குவது போன்ற நாதம் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

தெறிப்புக்குப் பெயர் போனது டெலிகாஸ்டர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் உருவாக்கியது. 1951 முதல் இந்தப் பெயரில் விற்பனையாகிறது. இத்தனைக்கும் அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது! கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில், உலோகத் தகட்டுக்குள் சற்றே சாய்வாகப் பொருத்திய, கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்தான் அந்தக் கூர்மையைத் தருகிறது.

சலங்கை ஒலிக்கு ரிக்கன்பேக்கரின் 12 கம்பிக் கிட்டார். 1964இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கையில் அது ஒலித்தது. பீட்டில்ஸ் நடித்த திரைப்படத்தில் அதைப் பார்த்த ரோஜர் மெக்குவின் தானும் ஒன்று வாங்கி, தன் பேர்ட்ஸ் குழுவின் அடையாளமாகவே ஆக்கிவிட்டார். மொத்தம் ஆறு ஜோடிக் கம்பிகள். தடித்த பக்கத்து நான்கு ஜோடிகளில், ஒரு கம்பி மற்றதைவிட ஒரு ஸ்தாயி மேலே பேசும். அந்த மினுக்கம் அங்கிருந்துதான் வருகிறது. சுருதி சேர்க்கத்தான் பொறுமை வேண்டும்.

ஒரே கிட்டாரைப் பல்லாண்டு வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு டெலிகாஸ்டர் வகையே நல்லது. அதன் கழுத்து திருகாணிகளால் பூட்டப்பட்டது. அதில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகள் தேய்ந்துபோனால் கழுத்தையே கழற்றி மாற்றலாம். வாங்கும் முன், ஆம்ப்ளிஃபையரில் இணைக்காமல் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் மீட்டிப் பாருங்கள். கரகரத்தால் கடையிலேயே சரிசெய்யச் சொல்லுங்கள். சரியாகவில்லை என்றால் வேறு கிட்டாரைக் கையில் எடுங்கள்.